வானம் தெரிகிற இடத்தில் நிறுத்து

வில்லோ ஃபோர்க், மொன்டானா
9 அக்டோபர் 2005

ஆர்லன்,

உடம்பு எப்படி இருக்கிறது? பிப்ரவரிக்குப் பிறகு நான் உன்னைப் பார்க்க வரவும் இல்லை, எழுதவும் இல்லை. ஏன் என்று கேட்டு நீ எழுதியதெல்லாம் கிடைத்தது. ஊருக்கே கடிதம் கொண்டுபோகிறவளுக்கு அவள் கடிதம் கிடைக்காமல் போகுமா? என்ன பதில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அதனால் வேறொரு விஷயத்துக்காக எழுதுகிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் வருடாந்திர விருந்து நடந்தது. நான் போகவில்லை. நான் போவதில்லை என்று உனக்குத் தெரியும். தபால் நிலையத்தில் என்னோடு வேலை செய்கிற மர்லிஸ் என் பெயரில் ஒரு குலுக்கல் சீட்டு வாங்கியிருக்கிறாள். பரிசு விழுந்துவிட்டது. மறுநாள் காலை பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"உன் பேரப் படிச்சாங்க பாரு, ஹால்ல ஒரு சத்தம் இல்ல. ஸ்பூன் விழுந்தாக் கேக்கும். அப்புறம் நானே கைதட்டி, நானே மேடையேறி, நானே வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள். அவளுக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

பெட்டிக்குள் சேட்டிலைட் ரேடியோ, வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து நேராகப் பிடிப்பது. காரில் மாட்டுவது. விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் தபால் பாதையைப் பற்றி உனக்குத் தெரியாது. தானியக் கிடங்கைத் தாண்டி மேடு ஏறினால் ரேடியோவில் இரைச்சல்தான். அதற்குமுன் கிடைப்பது நம் ஊர் நிலையம் ஒன்று. அதை நான் கேட்பதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அதில் ரஸ்ஸல் ஹோவ்லாண்டின் நினைவு நாளைப் படிக்கிறார்கள். 'சாலைப் பணியில் வண்டிகளை நிறுத்தக் கொடி பிடித்து நின்றபோது, குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் வண்டி மோதி' என்று. உன் பெயரைச் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை.

பில்லிங்ஸ் நகரத்துக் கடையில் கொடுத்து மாட்டினால் ஒருநாள் வேலை போய்விடும். இந்த மாநிலத்தில் பாதிக் கார்களுக்கு நீதானே ரேடியோ மாட்டியிருக்கிறாய். எப்படி மாட்டுவது என்று எழுது. அம்மா விட்டுப்போன பியூக் கார்தான், தபால் கொண்டுபோவதும் அதில்தான்.

அதை மட்டும் எழுது. மற்றது எதுவும் இப்போது வேண்டாம்.

லோர்னா

*

17 அக்டோபர் 2005

அன்புள்ள லோர்னா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் முதலில் பிரிக்கவில்லை. கட்டிலில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிரித்துப் படித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து, என் அறையில் இருக்கிற கிழவர் கெய்ன்ஸ் மேல்கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, விடுதலை ஆர்டரா?"

"இல்ல. என் பொண்டாட்டி கார்ல ரேடியோ மாட்டணுமாம்."

"அதுக்கா இப்படிப் பல்லக் காட்டற?"

அவருக்குப் புரியாது. இங்கே வந்ததிலிருந்து என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, என் கைதி எண்ணைத் தவிர. எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். மற்றது எழுதமாட்டேன். முதலில் நீ பார்த்துச் சொல்ல வேண்டியது: பெட்டிக்குள், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக ஒரு சதுரம் இருக்கும். அடியில் காந்தம். நீளமான மெல்லிய ஒயர் அதிலிருந்து வரும். அதுதான் ஆன்டெனா. இருக்கிறதா? சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற கறுப்புக் குமிழ் இருக்கிறதா? கேசட் உருவத்தில், வால்போல ஒயர் தொங்குகிற ஒன்று இருக்கிறதா? உன் அம்மாவின் காரில் கேசட் போடும் வாய் இன்னும் வேலை செய்கிறதா?

இன்னொன்று. தயவுசெய்து கார் ஷெட்டுக்குள் நிறுத்தி இதைச் சோதிக்காதே. ரேடியோ பேசாது, நீ கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவாய். அதற்கு வானம் தெரியவேண்டும். கூரை, மரம், பாலம் எதுவும் குறுக்கே கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் ஓயாமல் இதைத்தான் சொல்வேன். வானம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். முக்கியமாகத் தெற்குப் பக்கம் திறந்திருக்கட்டும்.

ஒயர் எப்படிப் போகவேண்டும் என்று ஒரு படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சில் மழுங்கியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

குளிர் தொடங்கிவிட்டதா? பியூக்கின் பாட்டரியைப் பார்த்துக்கொள்.

ஆர்லன்

*

வில்லோ ஃபோர்க்
30 அக்டோபர் 2005

ஆர்லன்,

உன் கடிதம் வந்தது. படம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு துண்டுச்சீட்டு: 'மின் இணைப்பு வரைபடம், அனுமதியில்லை, அகற்றப்பட்டது.' மர்லிஸிடம் காட்டினேன். "உன் புருஷன் ஜெயில வெடி வச்சுத் தகர்க்கப் போறான்னு நினைச்சுட்டாங்களாடி?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். உன் சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது.

நீ கேட்டதெல்லாம் பெட்டியில் இருக்கிறது. ஆனால் காரின் கேசட் வாய் செத்துவிட்டது. எதைப் போட்டாலும் துப்புகிறது.

படம் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். ஆன்டெனாவைக் கூரைமேல் வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தால் கண்ணாடியை மூட முடியவில்லை. கதவோரப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை நெம்பியதில் க்ளிப் உடைந்து எங்கோ தெறித்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு க்ளிப்புக்கா என்று கேட்காதே. சின்னதாக ஏதாவது உடையும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது. பெரியதற்கெல்லாம் வந்ததே இல்லை, உனக்குத் தெரியும்.

படம் இல்லாமல் சொல்லிக்கொடுக்க முடியுமா?

லோர்னா

*

8 நவம்பர் 2005

அன்புள்ள லோர்னா,

படத்துக்காக சார்ஜென்ட் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"இது என்ன?"

"ரேடியோ, சார். என் மனைவி கார்ல மாட்டறதுக்கு."

"இந்தக் கோடு?"

"ஒயர், சார்."

"இந்த வட்டம்?"

"அது கார் சக்கரம். எனக்கு வரைய வராது, சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுத்தில் எழுதினால் பரவாயில்லை என்றார். அதனால் எழுத்தில்.

க்ளிப்பைப் பற்றிக் கவலைப்படாதே. நான் கற்றுக்கொண்ட காலத்தில் உடைத்த க்ளிப்புகளைக் கொட்டினால் ஒரு வாளி நிறையும். உடைந்த இடம் வெளியே தெரியாது, பக்கத்து க்ளிப் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒயர் ஜன்னல் வழியாக வரக்கூடாது. டிக்கி வழியாக வரவேண்டும். ஆன்டெனாவைக் கூரையின் பின்பக்கம், நடுவில், விளிம்பிலிருந்து ஒரு கை அகலம் உள்ளே தள்ளி வை. அங்கிருந்து ஒயரைப் பின்கண்ணாடியின் ஓரமாகவே இறக்கு. கண்ணாடியைச் சுற்றி ரப்பர் இருக்கிறதல்லவா, அதன் உதட்டை விரல்நுனியால் தூக்கினால் உள்ளே ஒரு பள்ளம் இருக்கும். ஒயரை அதில் அழுத்திக்கொண்டே வா. கத்தியால் செய்யாதே. உன் விரல் மெலிந்த விரல், உனக்கு இது என்னைவிட நன்றாக வரும். கீழே வந்ததும் டிக்கி மூடியின் கீல் பக்கமாக உள்ளே விடு. கீலில் நசுங்காமல் கொஞ்சம் தளர்வாக விடவேண்டும். டிக்கியிலிருந்து பின்சீட்டின் அடி, அங்கிருந்து கதவோரப் பட்டையின் கீழே, அப்படியே முன்னால். பட்டையைக் கையால் இழுத்தாலே வரும். குளிர்ந்த பிளாஸ்டிக் உடையும், அதனால் ஹீட்டரைப் போட்டுக் காரைச் சூடாக்கிவிட்டு ஆரம்பி. அன்று உன் க்ளிப் உடைந்ததும் குளிரால்தான், உன்னால் இல்லை.

கேசட் செத்தால் வேறு வழி இருக்கிறது. ரேடியோவிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பி உண்டு. அது உன் கார் ரேடியோவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசும். அதற்குக் காலியான அலைவரிசை ஒன்று வேண்டும். பில்லிங்ஸில் அப்படி ஒரு காலி இடத்தைத் தேடி நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உன் ஊரில் முள்ளை எங்கே திருப்பினாலும் காலிதான்.

நான் ஒவ்வொரு ஒயராக மனதுக்குள் இழுத்துப் பார்த்துத்தான் இதை எழுதினேன். கண்ணை மூடினால் பியூக்கின் கதவுப் பட்டை கையில் படுகிறது.

ஆர்லன்

*

வில்லோ ஃபோர்க்
27 நவம்பர் 2005

அன்புள்ள ஆர்லன்,

பேசிவிட்டது!

நீ சொன்ன மாதிரியே காரைச் சூடாக்கி, ரப்பர் உதட்டைத் தூக்கி, அங்குலம் அங்குலமாக ஒயரை அழுத்தினேன். அது எங்கே போகிறது என்று இப்போது பார்த்தால் உனக்கே தெரியாது. பிறகு சர்ச் பின்னால் இருக்கிற வெட்டவெளிக்கு ஓட்டிப்போய், இணைப்பைத் தொடங்கச் சொல்லி ரேடியோ கம்பெனிக்கு போன் செய்தேன். தென்மாநிலத்துப் பேச்சு இழுவையோடு ஒரு பெண் பேசினாள்.

"கார் வெளியிலதான நிக்குது, மேடம்?"

"வெளியிலதாம்மா. இங்க வெளியத் தவிர வேற எதுவும் இல்ல."

"சுத்தி உயரமா கட்டடம், மரம் ஏதாவது?"

"கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மரம்னு ஒண்ணு பாத்தாச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு என் பெயரைக் கேட்டாள். நான் சொன்னேன். "அழகான பேரு" என்றாள். ஆர்லன், என் பெயரைக் கேட்டவுடன் குரல் மாறாத ஒரு ஆளோடு நான் பேசி ரொம்பக் காலமாயிற்று.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் தக்காளியை எப்படி நறுக்கவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் விரல் விறைக்கிறவரை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் பாதை முழுவதும் அது கூடவே வருகிறது. என்னென்னவோ இருக்கிறது. பிரெஞ்சில் ஒரு நிலையம், எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அந்த அம்மாள் எதையோ கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? பெரிய நகரங்களின் போக்குவரத்துச் செய்தி. பாஸ்டனில் சுரங்கப்பாதையில் நெரிசல், சிகாகோவில் ஒரு தடம் அடைப்பு, வேறு வழியில் செல்லவும் என்று படபடக்கிறார்கள். நானோ சரளைக்கல் சாலையில், வேலியோரம் நிற்கிற மானைத் தவிர யாரும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் எங்கேயோ போக அவசரப்படுகிறார்கள். அவர்கள் யாருக்கும் நான் யார் என்று தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லாமல் இருந்தது உனக்காகத்தான். ஐலீன் ஹோவ்லாண்டின் வீட்டு வாசல் தபால் பெட்டி என் பாதையில் இருக்கிறது. இந்த வேலை கிடைத்தபோதே அந்தப் பாதைதான் காலியாக இருந்தது. ரஸ்ஸலின் அம்மாவுக்கு வருகிற கடிதத்தை என் கையால்தான் போடுகிறேன். என் கார் தெரிந்தால் ஜன்னல் திரை மூடிக்கொள்ளும். நான் போனபிறகுதான் அவள் வெளியே வருவாள். பெட்டியின் கதவை மூடும்போது சத்தம் வராமல் மூடக் கற்றுக்கொண்டேன்.

வேலை நன்றாகச் செய்தாய். இல்லை, நான் செய்தேன். நீ சொல்லிக்கொடுத்தாய். நன்றி.

லோர்னா

*

6 டிசம்பர் 2005

என் லோர்னா,

கடிதத்தை கெய்ன்ஸுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தக்காளி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மறுபடி படி, மறுபடி படி" என்றார். இங்கே கேட்பதெல்லாம் இரும்புக் கதவும் டிவியும் இரண்டுக்கும் நடுவே கத்துகிற ஆட்களும்தான். இனி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டதை எழுது. உன் கடிதம்தான் எங்கள் ரேடியோ.

ஹோவ்லாண்ட் பெட்டியைப் பற்றி எழுதியதை மட்டும் அவருக்குப் படிக்கவில்லை. அதைப் பற்றி என்ன எழுதினாலும் சரியாக வராது. அதனால் எழுதவில்லை. ஆனால் சத்தம் வராமல் மூடுகிற உன் கை என் கண்ணிலேயே இருக்கிறது.

நீ மற்றது வேண்டாம் என்றாய். ஆனால் இது தேதி உள்ள விஷயம், தள்ளிப்போட முடியாது. மார்ச்சில் என் பரோல் விசாரணை, தண்டனை முடியுமுன்பே என்னை வெளியே விடலாமா என்று. இங்கே நான் குடியை விட்டவர்கள் குழுவில் இருப்பதும், தச்சுப் பட்டறையில் வேலை செய்வதும் கணக்கில் வரும் என்கிறார்கள். வெளியே வந்தால் தங்குகிற முகவரி கொடுக்கவேண்டும். நம் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?

ஆம் என்றோ இல்லை என்றோ எழுது. அவசரம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கடிதம் கொடுக்கிற நேரத்தில் கதவருகே போய் நின்றுவிடுகிறேன்.

உன் ஆர்லன்

*

வில்லோ ஃபோர்க்
15 ஜனவரி 2006

அன்புள்ள ஆர்லன்,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியதோடு சரி, உன் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. கதவருகே உன்னை இவ்வளவு நாள் நிற்கவைத்துவிட்டேன். பதில் தானாக வந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

போன வாரம் பனிக்காற்று அடித்த நாள். மதியம் ஹோவ்லாண்ட் வீட்டுச் சாலையில் திரும்பினால், ஐலீனின் பிக்கப் வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறது. அவள் வெளியே, காற்றில், வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் நிறுத்தினேன்.

"ஏறுங்க மிஸஸ் ஹோவ்லாண்ட். இந்தக் காத்துல நின்னா காது போயிடும்."

"பக்கத்துப் பண்ணையில சொல்லியிருக்கேன். டிராக்டர் வரும். நான் நிக்கறேன்."

"அது வர நேரமாகும். நீங்க என்கூடப் பேச வேணாம். சும்மா உக்காந்தாப் போதும்."

முன்கதவைத் திறந்துவைத்தேன். அவள் பின்கதவைத் திறந்து, கடிதங்கள் அடுக்கிய பெட்டிகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஹீட்டரின் இரைச்சலும் ரேடியோவும்தான். நான் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவில் அந்த ஆள், சுரங்கப்பாதையில் லாரி நின்றுவிட்டது, வண்டிகள் பாலம்வரை தேங்கி நிற்கின்றன என்று படபடத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க நடக்குது இது?"

"பாஸ்டன்ல."

"பாஸ்டன்ல வண்டி நின்னா உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் கேக்கறேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"ரஸ்ஸலும் இப்படித்தான். பழைய சிற்றலை ரேடியோ ஒண்ண வச்சுக்கிட்டு, எந்தக் கடல்லயோ கப்பல்காரங்க பேசறதக் கேட்டுட்டு இருப்பான். உனக்கு எதுக்குடா இதுன்னா, சும்மா இரு அம்மா, அவங்களுக்கு அங்க மழைன்னுவான்."

நான் ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். அவளே பேசினாள்.

"மார்ச்ல விசாரணைக்கு வந்து பேசறியான்னு எனக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. நான் போகல. வரட்டும். அவன உள்ள பூட்டி வச்சதால எனக்கு எதுவும் திரும்பி வரல. ஆனா இந்த ஊருக்கு வேணாம் லோர்னா. கடையில ரொட்டி வாங்கப் போறேன், திரும்பினா அவன் நிக்கறான்னு வேணாம். அத மட்டும் நீ பாத்துக்குவியா?"

அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே. டிராக்டர் வந்தது. இறங்கும்போது, இருக்கையிலிருந்து அவளுக்கு வந்த கடிதங்களை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இந்த முகவரி வேண்டாம். உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

லோர்னா

*

24 ஜனவரி 2006

என் லோர்னா,

படித்தேன். முதலில் கோபம் வந்தது. என் வீட்டைப் பற்றி என்னைக் கேட்காமல் எப்படி வாக்குக் கொடுக்கலாம் என்று. தச்சுப் பட்டறையில் நாள் முழுக்க ஒரே பலகையை இழைத்தேன். மாலையில் தோன்றியது, நான் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த அம்மாளிடம் வேறு எதைச் சொல்ல முடியும்? நீ செய்தது சரி.

இப்போது நல்ல செய்தி. கெய்ன்ஸின் மச்சான் கிரேட் ஃபால்ஸில் கார் கடை வைத்திருக்கிறார். ரேடியோ, அலாரம், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் எல்லாம் அங்கே உண்டு. தொழில் தெரிந்த ஆள் வேண்டுமாம். கடைக்கு மேலே அறை இருக்கிறது, அந்த முகவரியே போதும் என்கிறார். பரோல்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

லோர்னா, நீயும் வந்துவிடு. தபால் நிலையம் அங்கேயும் இருக்கிறது. வீட்டை விற்றுவிடலாம். மரமும் ஆறும் உள்ள ஊர். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. ஊரே விருந்தில் இருக்கும்போது நீ வீட்டில் தனியாக உட்காரவேண்டாம். ஸ்பூன் விழுந்தால் கேட்கிற மாதிரி எந்த அறையும் நமக்காக அமைதியாகாது. இந்த மூன்று மாதம் நாம் எழுதிக்கொண்ட மாதிரி நாம் பேசிக்கொண்டதே இல்லை. இதையே ஒரு சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

நான் தினமும் அதைத்தான் யோசிக்கிறேன்.

உன் ஆர்லன்

*

வில்லோ ஃபோர்க்
19 பிப்ரவரி 2006

அன்புள்ள ஆர்லன்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிறு கிரேட் ஃபால்ஸுக்கே ஓட்டிப் போனேன். கடையைப் பார்த்தேன். மேலே இருக்கிற அறையின் ஜன்னலும் தெரிந்தது, பச்சைத் திரை போட்டிருக்கிறார்கள். தெரு நல்ல தெரு. மூலையில் ரொட்டிக்கடை. எதிரே காரை நிறுத்தி ரேடியோவை அணைத்துவிட்டு, நாம் இருவரும் அந்தப் படியில் ஏறிப்போவதை நினைத்துப் பார்த்தேன். நிஜமாகவே முயன்று பார்த்தேன், ஆர்லன். நீ முன்னால், நான் பின்னால், கையில் காய்கறிப் பை. கதவு வரைக்கும் வந்துவிட்டோம். உள்ளே போக முடியவில்லை.

அந்த ஊரில் நம்மை யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், என்னை உனக்குத் தெரியும். நாம் எந்தச் சமையலறையில் உட்கார்ந்தாலும் ரஸ்ஸல் கொடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பான். நீ ஒரு நாள் தாமதமாக வந்தால் நான் உன் வாயை முகர்வேன். முகர்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் உன்னையும் இருக்கச் சொல்ல மாட்டேன், நானும் இருக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் பெரியது. நீ போனதால்தான் நான் தனியாகிவிட்டேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் காரில் உட்கார்ந்து யோசித்ததில், நீ வீட்டில் இருந்தபோதும் நான் தனியாகத்தான் இருந்தேன் என்று தெரிந்தது. நீ கடையிலிருந்து வந்து ஷெட்டுக்குள் போய்விடுவாய். கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டில் சத்தம் கேட்கும். நான் இந்தப் பக்கம் தட்டில் சோளத்தையும் இறைச்சியையும் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறைகூட நீ எனக்கு எதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ரப்பர் உதட்டைத் தூக்கு, உன் விரல் மெலிந்த விரல் என்று எழுதியவன் வேறு ஆள். அவனோடு நான் வாழ்ந்ததே இல்லை. அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவன் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறானோ என்று பயமாக இருக்கிறது. வெளியேயும் அவன் இருப்பான் என்று நீ சத்தியம் செய்வாய், அதை நீ நம்பவும் செய்வாய். அதைச் சோதித்துப் பார்க்க என்னிடம் இன்னொரு ஆயுசு இல்லை.

வக்கீல் விவாகரத்துத் தாள் அனுப்புவார். கையெழுத்துப் போட்டுவிடு. பரோல் குழுவுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றி நல்லதாகவே எழுதியிருக்கிறேன், எல்லாம் உண்மை.

நான் இங்கேயே இருக்கப் போகிறேன். ஏன் என்று மர்லிஸ்கூடக் கேட்கிறாள். இங்கே எனக்கு ஒரு பாதை இருக்கிறது, அதன் ஒவ்வொரு பெட்டியும் எனக்குத் தெரியும். இப்போதைக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கெய்ன்ஸை விசாரித்ததாகச் சொல்.

லோர்னா

*

கிரேட் ஃபால்ஸ்
20 ஏப்ரல் 2006

அன்புள்ள லோர்னா,

தாள்களில் கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். இந்த மாதத் தொடக்கத்தில் வெளியே வந்தேன். கெய்ன்ஸ் கதவு வரை வந்து கைகுலுக்கினார். "எழுதுடா" என்றார். அவருக்கு எழுத வேறு யாரும் இல்லை. அதனால் அவருக்கு எழுதுவேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில்களையெல்லாம் கிழித்துவிட்டேன். சிலதில் கெஞ்சியிருந்தேன். சிலதில் சண்டை போட்டிருந்தேன். ஒன்று நன்றாக வந்திருந்தது, அதையும் கிழித்தேன். நன்றாக எழுதினால் நீ மனம் மாறிவிடுவாயோ என்று பயம் வந்தது. கடிதத்தைப் பார்த்து நீ மனம் மாறக்கூடாது. அதைத்தான் நீயும் சொல்லியிருந்தாய்.

வேலைக்குப் போகிறேன். முதலாளி அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் குழுவுக்குப் போய்வருகிறேன். மளிகைக் கடைக்கு ஒருமுறை போனேன். இத்தனை வகை ரொட்டியில் எதை எடுப்பது என்று தெரியாமல் வெறும் கையோடு வந்துவிட்டேன். சாப்பிடாமல் இல்லை, கவலைப்படாதே.

ஷெட்டில் இருக்கிற என் சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு வேண்டாம். திருமதி ஹோவ்லாண்டிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அவராகக் கேட்டால் மட்டும், தூரமாக இருக்கிறான் என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைக்குப் போய் உட்காருகிறேன். இந்த வாரம் பனிக்கட்டி உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"ஊருக்குப் புதுசா?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"வில்லோ ஃபோர்க்."

"அடேயப்பா, அவ்ளோ தூரமா? அங்க யாராவது இருக்காங்களா உங்களுக்கு?"

நாய் என் ஷூவை முகர்ந்துகொண்டிருந்தது.

"ஒருத்தங்க இருக்காங்க" என்றேன். "நல்லா இருக்காங்க."

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஆர்லன்